கோஷ் லீவரும் துருவாத் லீவரும்

பீன்ஸ் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன். பெரிய காயமில்லை. ஆனால் ரத்தம் நிற்கிற வழியாக இல்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தால், பிளாஸ்திரி ரோல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அட்டை வளையம்!

"என்னங்க... பிளாஸ்திரி எங்க?"

"இன்ஜினுக்கு ஒட்டிட்டேன்" என்று ஹாலிலிருந்து பதில் வந்தது.

இன்ஜினுக்கா? விரலைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மேஜையில் ஒரு ஜாய்ஸ்டிக். அதன் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியின் மேல் முன்னும் பின்னும் நகர்கிற இரண்டு லீவர்கள். ஆளுக்கொரு துண்டு பிளாஸ்திரி. இடது லீவரில் பால்பாயின்ட் பேனாவால் ‘கோஷ்’ என்று எழுதியிருந்தது. வலது லீவரில் ‘துருவாத்’.

வெளியூர் வாசகர்களுக்காக: பிரெஞ்சில் கோஷ் என்றால் இடது, துருவாத் என்றால் வலது. என் வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் பத்து வார்த்தை. அதில் நாலு சாப்பிடுகிற ஐட்டம். அவருடைய அக்கா படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், இவர் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். ஒரே வீட்டில் இப்படி ஆளுக்கொரு பாஷை என்பது பாண்டிச்சேரியில் அதிசயமே இல்லை.

அந்த அக்காவுக்காகத்தான் இந்தக் கூத்து முழுக்க.

ரோஸ் அண்ணி முப்பது வருஷமாக பிரான்ஸில் இருக்கிறார். வரும் ஜனவரியில் எங்கள் மகள் அனிதாவுக்குக் கல்யாணம். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய் அண்ணிதான். கோயிலில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர். ஆனால் ஆகஸ்டிலிருந்து ஒரே பாட்டு.

"நான் வரல செலின். ஆகாயத்துல இன்ஜின் நின்னுபோச்சுன்னா என்னா பண்றது? நீ வீடியோவுல காட்டு, நான் இங்கேர்ந்தே ஆசீர்வாதம் பண்ணிடறேன்."

இத்தனை வருஷமும் பறந்து வந்து போனவர்தான். இப்போது மட்டும் இன்ஜின் ஏன் நிற்க வேண்டும்? நானும் கேட்கவில்லை. "அத்தை வரலன்னா நான் கோயிலுக்குள்ள காலே வெக்க மாட்டேன்" என்று அனிதா அழுதாள். பெங்களூரில் வேலை பார்க்கிறவள், அங்கிருந்து போனில் அழுதாள். தினமும் அழுதாள்.

ஆல்பர்ட் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அறிவித்தார்.

"ஒரு இன்ஜின் நின்னாலும் ஃப்ளைட்டு பறக்கும். அதை அக்காவுக்கு நான் ஓட்டியே காட்டப் போறேன்."

ரிட்டயர் ஆன பிறகு அவர் பிடித்துக்கொண்டது இந்த ஃப்ளைட் சிமுலேட்டர். கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும். ‘ப்ராக்டிஸ்’ என்று சொல்ல வேண்டும். எந்த கம்பெனி இவரை வேலைக்கு எடுக்கப் போகிறது என்று நான் கேட்பதில்லை. பாத்ரூம் குழாய் ஆறு மாதமாகச் சொட்டுவதைப் பற்றி மட்டும் அவ்வப்போது கேட்பேன்.

சரி, ஓட்டிக் காட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். இவருடைய கம்ப்யூட்டரில் ஒரு லீவரைத் தள்ளினால் இரண்டு இன்ஜினும் சேர்ந்தே வேகம் பிடிக்கின்றன. இழுத்தால் இரண்டும் சேர்ந்தே அடங்குகின்றன. அப்படியிருந்தால் ஒன்றை மட்டும் எப்படி நிறுத்திக் காட்டுவது? முதல் லீவர் முதல் இன்ஜினுக்கு, இரண்டாவது லீவர் இரண்டாவதுக்கு என்று செட்டிங்கில் போய்ச் சொல்ல வேண்டுமாம். பைலட் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இடது கையோரம் இருப்பதுதான் ஒன்றாம் நம்பர் இன்ஜின். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு வாரம் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்து இதையும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

சொன்னால் மட்டும் போதுமா? இரண்டும் சேர்ந்து போகச் சொன்ன பழைய உத்தரவையும் அழிக்க வேண்டும். இவர் அழிக்கவில்லை. புது உத்தரவும் பழைய உத்தரவும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். அழித்த பிறகும் இன்ஜின்கள் தானாக ஏறி இறங்கின, பேய் பிடித்த மாதிரி. பார்த்தால், ஜாய்ஸ்டிக்கின் அடியிலேயே ஒரு குட்டி லீவர் இருக்கிறது. யாரும் கூப்பிடாமலே அதுவும் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு இன்னொரு நாள்.

அப்புறம் ‘ரிவர்ஸ்’ என்று ஒரு கட்டம். தரையிறங்கியதும் பிரேக் பிடிக்க உதவும் என்று நினைத்து அதில் டிக் போட்டுவிட்டார். அது லீவரையே தலைகீழாக்குகிற கட்டமாம். முன்னே தள்ளினால் இன்ஜின் அடங்குகிறது, பின்னே இழுத்தால் உறுமுகிறது! "இதை ஏன் இங்க வெச்சான்?" என்று முழுதாக ஒரு மத்தியானம் கத்தினார். நான் அரியாங்குப்பத்தில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது எல்லாம் சரியாகியிருந்தது. இடது லீவருக்கு இடது இன்ஜின். வலது லீவருக்கு வலது இன்ஜின். அக்கா அசந்துபோக வேண்டும் என்பதற்காக மறுநாளே அந்த பிரெஞ்சு பிளாஸ்திரி. என் விரலுக்குக் கடைசிவரை புடவைத் தலைப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அண்ணிக்கு அங்கே இன்னும் மதியச் சாப்பாடு ஆகவில்லை. வீடியோ காலில் வந்து உட்கார்ந்தார். போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அக்கா பிறந்த ஊரைப் பார்க்கட்டும் என்று ஆல்பர்ட் விமானத்தைப் புதுச்சேரிக்கு மேலேயே, ரொம்பத் தாழ்வாக ஓட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையும் மீனவர் குப்பமும் தெரிந்தன. தெருக்கள் கோடு கோடாகத் தெரிந்தன.

"அதோ வைத்திக்குப்பம் பாருக்கா!"

"படகு ஒண்ணையும் காணோமேடா?"

"அதெல்லாம் இதுல வராது. கவனி. இப்போ நான் இடது இன்ஜின அடக்கப் போறேன். பயப்படாத."

கோஷ் லீவரைப் பின்னே இழுத்தார். ஒரு பக்கத்து உறுமல் அடங்கியது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ரெண்டு இன்ஜின் எதுக்கு வெச்சிருக்கான்? ஒண்ணு போயிடுச்சுன்னாலும் இன்னொண்ணு கொண்டுபோய் சேத்துடும். ஒத்தையா இருந்தாலும் பறக்கும்க்கா!"

ஒத்தையாவா?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணியின் வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார். அதற்கு முன் அண்ணி ஒரு தடவைகூடத் தனியாக விமானம் ஏறியதில்லை. எப்போதும் பக்கத்து சீட்டில் அவர் இருப்பார். இது தெரியாத விஷயமா எங்களுக்கு? தெரியும். ஆனாலும் இன்ஜின் இன்ஜின் என்று அண்ணி சொன்னதை அப்படியே நம்பி, ஒரு வாரமாக இன்ஜினையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஆல்பர்ட்டின் காலை மிதித்தேன். அவருக்குப் புரியவில்லை.

திரையில் விமானம் மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்தது.

"பாத்தியாக்கா, எந்தப் பக்கம் நின்னுச்சோ அந்தப் பக்கமாவே சாயும். அப்ப பைலட்டு இன்னா பண்ணுவான்னா..."

"அப்படித்தான்டா சாயும்" என்றார் அண்ணி. ரொம்ப மெதுவாக.

இப்போது ஆல்பர்ட்டுக்கும் புரிந்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கில் கை இருக்க, ஆள் மட்டும் போனைத் திரும்பிப் பார்த்தார். விமானத்தை யார் பார்ப்பது? அது பாட்டுக்குச் சாய்ந்துகொண்டே போனது. திரை நிறையக் கடல்.

முதலில் கவனித்தது அண்ணிதான்.

"டேய்! தூ துருவா! தூ துருவா!"

‘தூ துருவா’ என்றால் பிரெஞ்சில் ‘நேராப் போ’. நம்மவர் காதில் விழுந்தது ‘துருவாத்’. அக்கா வலது என்கிறாள். கையோரத்தில் வலது என்று எழுதி ஒட்டியே இருக்கிறது. வேறென்ன யோசனை வேண்டும்? ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரே இன்ஜினின் லீவரைப் பிடித்து ஒரே இழு... அதுவும் அடங்கியது.

இப்போது இரண்டும் காலி.

இரண்டு லீவரையும் முன்னே தள்ளியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பிறகு விளக்கினார். பிறகு! அந்த நேரத்தில் ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மாதாவே!" என்று கூப்பிடத்தான் முடிந்தது. வைத்திக்குப்பத்துக்கு நேர் எதிரே, தொபுக்கடீர்.

போனில் ஏதோ விசும்பல் மாதிரி கேட்டது. போனைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர வர, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் வீட்டுக்காரர் போனதிலிருந்து இந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. ஆல்பர்ட் மட்டும் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி திருதிருவென்று விழித்தார்.

"நேராப் போடான்னா, இருந்த ஒண்ணையும் புடுங்கிட்டியேடா பாவி! படிக்கிற காலத்துல பிரெஞ்சு கத்துக்கோன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா?"

"நீ தெளிவா சொல்லணும்க்கா. கடைசி எழுத்து காதுலயே விழல."

"அங்க எழுத்தே கெடையாதுடா!"

சிரிப்பெல்லாம் அடங்கியபின் அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "இன்ஜினுக்கு யாருடா பயந்தா? ஏறி உக்காந்ததும் அவர் கைய பிடிச்சிக்குவேன். இப்ப பக்கத்துல யாரோ ஒரு ஆள் உக்காந்திருப்பான். அத நெனச்சாலே ஏறப் புடிக்கல. வேறென்னா?"

"நான் வந்து கூட்டிட்டு வர்றேன்க்கா" என்றார் ஆல்பர்ட் கடைசியில். விசா எடுக்கவே கல்யாணத் தேதி தாண்டிவிடும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சாயங்காலம் அவர் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

இந்த ஆண்களிடம் ஒரு பழக்கம் கவனித்திருக்கிறீர்களா? நாம் பயம் என்று சொன்னால் போதும், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எது ரிப்பேர், எந்தப் பாகம், எந்த செட்டிங்? நான் மட்டும் என்ன ஒழுங்கு? போனைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, "அண்ணி, தனியா வரக் கஷ்டமா இருக்கா?" என்று இத்தனை மாதத்தில் ஒரு தடவை கேட்டேனா?

புதன்கிழமை காலையில் அண்ணி எனக்கு போன் செய்தார்.

"செலின், டிக்கெட் போட்டுட்டேன். ஜனவரி மூணாந்தேதி காலைல மெட்ராஸ்ல எறங்கறேன். தனியாத்தான்."

"வாங்க அண்ணி" என்று கத்தியேவிட்டேன்.

"ஆனா ஒண்ணு. மெட்ராஸ்லேர்ந்து பாண்டிக்கு வண்டிய நீ ஓட்டு. அவன் ஓட்டறதா இருந்தா இப்பவே சொல்லிடு, டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்."

இதை ஆல்பர்ட்டிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வாராவாரம் பத்திரிகையில் வரும் இந்த என் பத்தியை ஒரு வரி விடாமல் படிப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்... பார்ப்போமே!