இரண்டு கன்னத்துக்கும் வெயில்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால், எங்கள் பஸ் கள்ளக்குறிச்சிக்கு முன்பே நின்றுவிட்டது. மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். முகமெல்லாம் எண்ணெய், பரு. நேரத்துக்கு வீடு போய்ச் சேருவேனா என்று வேறு பயம்.

கூட வந்த ஒருவர் மதகில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் கன்னமெல்லாம் பரு.

"இன்னா சார், தோசையாட்டம் திருப்பிப் போட்டுக்கினு கீறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பக்கமும் வெயில் சமமா படணுங்க."

மருந்துக் கம்பெனிக்காரராம். ஒரே பரு மருந்தை இடது கன்னத்தில் களிம்பாகவும், வலதில் தண்ணீர்ப்பதமான ஜெல்லாகவும் தடவியிருந்தார். எண்ணெய் வழியும் தோலுக்குள் எது மருந்தைக் கொண்டுபோகிறது என்று தன் மேலேயே சோதிக்கிறார்.

"எனக்கும் கொஞ்சம் குடுங்க சார். நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க."

"எனக்கே இன்னும் தெரியலம்மா. செவந்து எரிஞ்சா இன்னா பண்ணுவ?"

எவ்வளவு கெஞ்சியும் தரவில்லை.

மரத்தை இழுத்துப் போட்டதும் பஸ் கிளம்பியது. பாதி வழியில் அவர் எழுந்து, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மற்ற கன்னத்துக்கு வெயில் வேண்டுமே!

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் முன் நான் பருவோடுதான் போய் நின்றேன்; பிடித்திருக்கிறது என்றார்கள். அவருக்கு எந்தக் கன்னம் ஆறியதோ, அந்த யோசனைதான் இன்னும் என்னை விடவில்லை.