விட வேண்டிய இரண்டு சுரங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்டு வாசித்தேன். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், பாட்டுக்குக் கீழ்ச் சுரம் கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசித்தார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்; இசையைக் காதால் மட்டுமே கற்றவர். நான் பட்டதாரி. அந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவதுதான் கார்டு. சாதாரணக் கார்டுக்கு மூன்று சுரம் போதும். அதன்மேல் ஏழாவது, ஒன்பதாவது என்று அடுக்கினால் எக்ஸ்டெண்டெட் கார்டு. சினிமாப் பாட்டில் மிதந்து வருமே, அந்த ஒலி. பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல் ஒன்றை வைத்து அதை நானே கற்றேன். சி நைன்த் என்றால் சி, இ, ஜி, பி ஃப்ளாட், டி என்று போட்டிருந்தது. ஐந்து சுரம், இடது கையில் ஐந்து விரல். மேலே இருக்க வேண்டிய டி-க்குக் கை எட்டவில்லை. அதைக் கீழே இறக்கி, சி-க்கும் இ-க்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் ஒத்திகையில் முதன்முறையாக அதை வாசித்தேன். எதுவும் மிதக்கவில்லை. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திணறுவதுபோல் ஓர் உறுமல்தான் வந்தது. குழுவை நடத்திய டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

“யாரு தப்பா வாசிக்கிறது?”

“பேஸ்தான் டீச்சர். புதுக் கார்டு, அவருக்குப் பிடிபடல” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நண்பர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்த் தனியாக வாசித்துப் பார்த்தேன். பேஸ் இல்லை, உறுமல் அப்படியே இருந்தது. சத்தம் காட்டாமல் பழைய மூன்று சுரத்துக்கே திரும்பினேன். “இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க” என்றார் டீச்சர். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

நான்கு மாதம் தொழிற்சாலையில் அவர் கண்ணில் படாமல் சுற்றி நடந்தேன். ஒரு ஞாயிறு, எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போனபோது, அந்தப் பொய்யோடு என்னால் எழ முடியவில்லை. கீபோர்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று பிற்பகலே ரயிலேறித் திருநின்றவூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அவர் மனைவி, “இன்னா அண்ணா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றார்.

நண்பர் பாயில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். “தப்பு என்னோடது. மறுவாரமே தெரியும். சொல்லல.”

“எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாத்தே. கீழ அஞ்சு வெரலையும் வெச்சிகினு மாவு பெசையிற. வேற இன்னா சத்தம் வரும்?”

“அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?”

“சொன்னா கேப்பியா நீ? புக்கு படிச்சி வாசிக்கிற ஆளாச்சே!”

உள்ளே அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

“அடி சுரம் என் வேல. அத்த எனக்கு உட்டுடு. ஜி-யும் வாணாம், அது இல்லன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. மீதி மூண நடுவுல ஏத்தி வாசி” என்று பாயில் விரல் வைத்துக் காட்டினார்.

“சனிக்கிழமை வருவியா?”

“எங்கிட்ட சொன்னா பத்தாது. அங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. வாசல்ல நிக்கிறேன். நீ சொன்னப்புறம்தான் உள்ள வருவேன்.”

சொன்னபடி வந்து நின்றார். ஜன்னல் வழியே கிட்டார் உறை தெரிந்தது. நான் எழுந்து, நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தேன்.

“நாலு மாசமாவா?” என்றார் டீச்சர்.

“ஆமா டீச்சர்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து, “வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க” என்றார். அவ்வளவுதான். நான்கு மாதம் பயந்தது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நண்பர் ஒயரை மாட்டி, கீழே சி-யைக் கொடுத்தார். நடுவில் இ, பி ஃப்ளாட், டி வைத்தேன். உறுமல் இல்லை. மூன்று விரலில் அந்த ஒலி லேசாக எழுந்து நின்றது.

“மூச்சு உடு அண்ணாத்தே” என்றார், என் பக்கம் திரும்பாமலே.