நெடியே இல்லாத மிளகாய்

கினிகத்தேனையில் பஸ் தேநீருக்கு நின்றது. எல்லோரும் ரோல்ஸும் தேநீரும் வாங்க இறங்க, நான் மட்டும் இரண்டு மாத்திரைகளை விழுங்கி, மூக்கின் இரண்டு பக்கமும் தைலம் தேய்த்துக்கொண்டேன். தீபாவளிக்கு முதல் நாள். கொழும்பில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் பத்து நாட்களாகத் துணித்தூசியையும் குளிர்சாதனக் காற்றையும் மாறி மாறிக் குடித்ததில் பிடித்த சளி அது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். மூக்கு தக்காளி மாதிரி இருந்தது. மூக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆரோக்கியமான ஒரு தகப்பன்தான்.

இந்த ஒப்பனைக்குக் காரணம் என் மனைவி. அவள் லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் எட்டு மாதப் பெண் குழந்தையோடு இருக்கிறாள். ஆடி மாதம் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, இழுப்பு வந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டே இரண்டு விஷயம் சொன்னார்கள்: புகை ஆகாது, சளிக்காரர்கள் கிட்டே வரக்கூடாது. அவள் மூன்று நாளைக்கு முன்பே போனில் சொல்லிவிட்டாள்:

"சளியோட வர்றதா இருந்தா வராதீங்க. நெசமாத்தான் சொல்றேன்."

எனக்குச் சளியா, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்று சொல்லி, போனை வைத்த கையோடு ஒன்பது தடவை தும்மினேன். இரண்டு மாதமாகப் பிள்ளையைப் பார்க்காதவன் வேறு என்னதான் சொல்வது?

வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையை வாங்கி, கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று என்று முத்தம் கொடுத்தேன். தைல வாசத்தைப் பற்றி மனைவி கேட்டாள். பஸ் பயணத்தில் தலைவலி என்றேன்.

தீபாவளியன்று காலை எண்ணெய் வைத்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லியும் கறியும் சாப்பிட்டாயிற்று. வெளியே தூறலும் பனியும். மனைவி ஒரு வாளி நிறையத் துணியோடு பீலிக்குக் கிளம்பினாள். தண்ணீர் விழும் அந்த இடத்தில் பண்டிகை நாளில் வரிசை நீளம். ஒரு மணி நேரமாவது ஆகும். பிள்ளையை என்னிடம் தந்து, "அடுப்படிக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க" என்றாள்.

நான் கொண்டு போகவில்லை. எங்கள் அடுப்படிக்குக் கொண்டு போகவில்லை.

கொழும்பிலிருந்து நான் வாங்கி வந்திருந்த ரோஸ் கவுனை மாட்டினேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியது அது. துணிக்கடையில் எட்டு வருடம் வேலை செய்பவன், சொந்தப் பிள்ளையின் அளவு தெரியாதவன். தொங்கிய மிச்சத்தை என் கையிலேயே சுற்றிக்கொண்டு லயத்தின் முதல் காம்பராவிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் லயத்தில் எங்களுடையதை விட்டால் பன்னிரண்டு காம்பரா. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம், ஒவ்வொன்றிலும் ஒரு விறகடுப்பு, ஒவ்வொரு அடுப்பிலும் வடையோ முறுக்கோ. மழைக்குக் கதவு சாத்தியிருந்தது. விறகு ஈரம். போகும் இடமெல்லாம் பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார்கள், அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் பிள்ளையின் மூக்கையும் என் மூக்கையும் பார்த்துவிட்டு, நல்லவேளை, மூக்கு அம்மா பக்கம் என்றார். எல்லாப் பெருமையையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வடை தின்றேன். நான் வடை தின்ற நேரமெல்லாம் பிள்ளை புகை தின்றிருக்கிறது.

பன்னிரண்டாவது காம்பராவில் பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் விடாமல் அழுதது. அழுகைக்கு நடுவே ஒரு இருமல். அடுத்த காம்பரா அக்கா எட்டிப் பார்த்தார்.

"இத்தன வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினா கண்ணு படாம என்ன தம்பி செய்யும்? சுத்திப் போடு."

இதையெல்லாம் கேலி செய்கிறவன் நான். போன வருடம் இதே அக்காவிடம், உங்கள் மிளகாயை அடுப்பில் போடுவதற்குப் பதில் குழம்பில் போட்டிருந்தால் ஒரு வேளை சாப்பாடாவது நடந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் எட்டு மாதப் பிள்ளை கையில் கிடந்து அழும்போது கேலிக்காரன் எங்கே ஓடுகிறான் என்று தெரியாது. செத்தல் மிளகாய் ஏழு, ஒரு பிடி உப்பு, கொஞ்சம் கடுகு. அக்கா பிள்ளையை வைத்துக்கொள்ள, மூன்று சுற்றுச் சுற்றி, மழை என்பதால் உள்ளேயே, எங்கள் அடுப்பிலேயே போட்டேன்.

மிளகாய் கருகும்போது நெடி ஏறினால் கண்ணூறு இல்லை, நெடியே வராவிட்டால் பட்ட கண் பெரிய கண் என்பது கணக்கு. நான் அடுப்புக்கு மேலே குனிந்து ஆழமாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒரு துளி நெடி இல்லை.

"அக்கா, நெடியே இல்ல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லக் கையை ஆட்டினார். இன்னும் போடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மற்றும் ஏழு மிளகாய் போட்டேன். இரண்டு நாளாக என் மூக்கு சிமெந்து வைத்துப் பூசியதைப் போல அடைத்திருந்தது என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி ஓடி வந்தாள். பீலியில் நின்றவளுக்கே நெடி போயிருக்கிறது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு வாசலுக்குப் போய், கவுனைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தாள். மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. பால் கொடுத்துப் பார்த்தாள், குடிக்கவில்லை. அழுகையும் நின்றுபோனது. அழுகை நின்றதுதான் எனக்குப் பெரிய பயம்.

தோட்டத்து மருந்தகம் லீவு. எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர்களுக்குப் போன் செய்தேன். தீபாவளி மத்தியானம். ஒருவன் எடுத்ததும் பாட்டுப் பாடினான். இன்னொருவன் ரொம்ப மரியாதையாக, "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேண்ணே, ஆட்டோதான் எங்க நிக்குதுன்னு தெரியல" என்றான். மற்ற நேரமாக இருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பேன். கடைசியில், டவுனிலிருந்து யாரையோ இறக்கிவிட வந்து, கை நிறைய முறுக்கோடு திரும்பிக்கொண்டிருந்த சிங்கள ஆட்டோக்காரர் ஒருவரைப் பாதையில் மறித்தேன். "பபாட்ட மொகத வுணே?", பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் முறுக்குப் பையைத் தூக்கிப் பின்னால் போட்டார். வழி முழுக்க மனைவி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். சின்ன முகமூடி ஒன்றைப் பிள்ளையின் மூக்கில் வைத்தார்கள். அதற்குள் மருந்து புகையாக வந்தது. வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண். எழுதிக்கொண்டே கேட்டார்:

"வீட்டில ஆருக்கும் சளி, தடிமன் இருக்கோ?"

மனைவி இல்லை என்று தலையாட்டினாள். நான் வாயைத் திறந்தேன். இல்லை என்பதுதான் வாய் வரைக்கும் வந்தது. பிள்ளையின் விலா அந்த முகமூடிக்குக் கீழே குழிந்து குழிந்து எழுந்தது.

"எனக்குத்தான் டொக்டர். வரும்போதே இருந்திச்சி. மாத்திர போட்டு மறைச்சிட்டு வந்தேன்."

வைத்தியர் என் மூக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். புகையைப் பற்றிக் கேட்டார். பன்னிரண்டு காம்பராவையும் பதினான்கு மிளகாயையும் சொன்னேன். எண்ணிக்கையைக் கேட்டுத் தாதி ஒருவர் திரும்பி நின்றுகொண்டார். சிரித்தாரோ என்னவோ. மனைவி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். அவள் பிள்ளையை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

சளிக்காரனை வார்டுக்குள் விடவில்லை. இரண்டு நாள் வெளியே தூறலில் நின்றேன். மனைவி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். மூன்றாம் நாள் லீவு முடிந்தது. பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற செய்தியோடு பஸ் ஏறினேன். அடுத்த வாரம் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். இருந்தாலும் குளிர் கூடினால் இழுப்பு எட்டிப் பார்க்கிறது.

இப்போது தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்கிறேன். மனைவி போனைப் பிள்ளையின் நெஞ்சில் வைப்பாள். நான் கடையின் பின்பக்கம், துணிப் பேல்களுக்கு நடுவே நின்று கேட்பேன். ஒன்றும் பேசாமல் நிற்கும் என்னைப் பார்த்து, கடன் கொடுத்தவனிடம் திட்டு வாங்குகிறவன் என்று நினைக்கிறார்கள் சக ஊழியர்கள்.

தைப்பொங்கலுக்கு லீவு கிடைத்தது. பையைக் கட்டி வைத்தேன். கவுனும் சரியான அளவில் வாங்கியிருந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் தொண்டையில் ஒரு கரகரப்பு. வெந்நீர் குடித்தேன், உப்பு நீரில் கொப்பளித்தேன். ஒரு காகிதத்தில் மிளகாய்த்தூளைக் கொட்டி முகர்ந்தும் பார்த்தேன். நெடி வரவில்லை.

போன் செய்து சொன்னேன்.

"சரி, வராதீங்க" என்றாள். பிறகு, "மாத்திர வாங்கி ஒழுங்கா குடிங்க" என்றாள்.

பிறகு போனைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள்.