வடக்கே போன விமானம்

பத்துமலை என்ற பெயரை நான் முதலில் கேட்டது, அவர் தோட்டத்துப் பால் லாரியை வாய்க்காலில் இறக்கிய அன்று. குறுக்குவழி என்று செம்மண் பாதையில் விட்டு, ரப்பர் பால் முழுவதையும் தவளைகளுக்கு ஊற்றினார். வெளியே வந்தவர், "ரோடுதான் தப்பா போயிருக்கு லா" என்றாராம்.

என் சின்னம்மா மகள் மங்களத்தின் நாத்தனாரைக் கட்டியவர். அந்த உறவை வைத்துக்கொண்டு எழுபத்தைந்து வயதிலும் வீடு வீடாக வழி சொல்கிறார். லாரி போய், இப்போது ஆகாயம். கைப்பேசியில் உலகப் படத்தைத் திறந்து, அதில் மஞ்சளாக ஊரும் விமானங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தலைக்குமேல் சத்தம் கேட்டால் போதும், "பினாங்கு போறான்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை.

போன மாதம் மங்களம் இறந்தாள். ஒரே மகள் கலாதேவி கனடாவில் நர்ஸ். "அம்மாவுக்கு நான் வாய்க்கரிசி போடணும், வச்சிருங்க பெரியம்மா" என்று அழுதுவிட்டு விமானம் ஏறினாள். ஹாங்காங்கில் மாறி, மறுநாள் காலை எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிடுவாள். மங்களத்தை ஐஸ் பெட்டியில் வைத்தோம்.

அன்று காலை ஒன்பது மணி. பத்துமலை அந்தப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். கலாதேவியின் விமானம் நேர் வடக்கே ஏறி, படத்தின் மேல் ஓரத்தில் காணாமல் போயிருந்தது.

"திரும்பிருச்சு லா. கோளாறு. எங்கியோ இறக்கிட்டான்."

"வடதுருவத்துக்கு மேல பறந்துதான் வருமாம் அண்ணே. கலா சொன்னா."

"என்னா பேசுற நீ? ஈப்போவுல இருந்து தெக்கே தாப்பா போறவன் வடக்கே தைப்பிங் போவானா? நாப்பது வருசம் லாரி ஓட்டிருக்கேன். ஐஸ்கட்டி மேல எவன் பறப்பான்? இனி ரெண்டு நாளாகும். பொணம் தாங்காது, இன்னிக்கே தூக்கிறலாம்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆண்கள் அவர் பக்கம் தலையாட்டினார்கள். மூன்று மணிக்கு மங்களத்தை எடுத்துவிட்டார்கள்.

ஹாங்காங்கில் இறங்கியதும் கலாதேவி கூப்பிட்டாள். எங்களில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. "அம்மா எங்க பெரியம்மா?" என்றாள். அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த பிடி அரிசியை அவள் கையில் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

பத்துமலை மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கைப்பேசியை நீட்டினார்.

"நீயே பாரும்மா. படத்துல நீ இல்லவே இல்ல. மாமா மேல தப்பு சொல்லாத."

கலாதேவி பார்த்தாள். பிறகு கையை விரித்து, அந்த அரிசியைக் கைப்பேசிமேல் போட்டாள்.

பத்துமலை இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே, ரஹ்மத் டீக்கடையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். கைப்பேசியைத் துடைத்துவிட்டார்.