நிமிர்ந்து பார்த்தவன்

உக்ரைன் போரின் ட்ரோன் காட்சிகளைத் தினமும் பார்ப்பேன். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு நானும் மனைவியும் ஜீப்பில் ஏறும் காலைகளில், வளைவுக்கு வளைவு, என் கைப்பேசியில் போர் நடக்கும். ஒருநாள், பதுங்குகுழியில் கிடந்த ஒருவன் கண்ணுக்கு மேல் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் புகை. நான் அடுத்த காட்சிக்குத் தள்ளினேன்.

அன்று மதியம், தோட்டத்தை அளக்க முதலாளி ட்ரோன் பறக்கவிட்டார். அதன் திரையை எட்டிப் பார்த்தேன். கூப்பிடு தூரத்துப் பாறையில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணுக்கு மேல் கையை வைத்து நிமிர்ந்தாள். என் மனைவி.

"ஓடு செல்வி, ஓடு" என்று கத்திவிட்டேன்.

எங்கள் மலையில் அப்படிக் கத்தினால் யானை வந்துவிட்டது என்று அர்த்தம். தூக்குச்சட்டிகள் உருள, எல்லோரும் சரிவில் ஓடினார்கள். செல்வி முழங்கால் சிராய்ப்போடு வந்தாள்.

"எங்க ஆனை?"

"இல்ல."

"பெறகு எதுக்கு ஓடச் சொன்னீக? சோறு பூராம் மண்ணுல கெடக்கு."

"அண்ணனுக்கு ட்ரோனே ஆனையாத் தெரியுதாக்கும்" என்று ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஜீப்பில் கைப்பேசியை எடுப்பதில்லை. ஆனாலும் வளைவுகளில் அந்தப் பதுங்குகுழிக்காரன் நிமிர்ந்து பார்க்கிறான். அவனை ஓடச் சொல்ல எங்கோ ஒருத்தி இருந்திருப்பாள். ஆனால் அன்று அவன் தெரிந்த திரை என் கையில் அல்லவா இருந்தது.