இல்லை என்று சொல்லாத அழகம்மா

மணிக்கூண்டின் அடியில் கூடியவர்களின் முகத்தை அழகம்மா பார்ப்பதில்லை. குனிந்து ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். "இது புதுச் சப்பாத்து, கடிக்கும்ங்க. பிளாஸ்டர் இருக்கா? … தங்கச்சி, குதிச் செருப்பா போட்டு வந்திருக்கே, கண்டி என்ன கல்யாண வீடா? … இந்த ஐயா ரப்பர்ச் செருப்பு. இவரு உடவத்தகெல காட்டுக்கே ஏறிடுவாரு." ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. கால்களெல்லாம் தேர்வில் தேறிய பிறகுதான் அவர் தலை நிமிர்கிறது. "சரி, போவோமா? எடுக்கணும்னு கட்டாயமில்லைங்க, சும்மா பாருங்க."

கடைசி வாக்கியம் அவருடைய தொழிலிலிருந்து வந்தது. கொழும்பு வீதியில் மஹ்மூத் ஹாஜியாரின் புடவைக் கடையில் இருபத்தேழு வருடங்களாக நிற்கிறார் அழகம்மா. நிற்கிறார் என்றால் நிற்கிறார்தான். விற்பனைப் பெண்களுக்கு அங்கே கதிரை கிடையாது. இத்தனை வருடத்தில் அவர் விரித்துக் காட்டிய சேலைகளை முந்தியோடு முந்தி முடிந்தால், அதைப் பிடித்துக்கொண்டே கம்பளைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பலாம். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். ஆறு நாள் நின்ற ஒருவர் ஏழாம் நாள் கெலிஓயாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, முன்பின் தெரியாதவர்களை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுவானேன் என்று கேட்டேன். "நிக்கிற காலுக்கு நடக்கிறதுதான் ரெஸ்ட்டுங்க, டீச்சரம்மா."

கண்டியின் வரலாற்றை நடந்து காட்டும் தொண்டர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆங்கிலத்தில் றவூப் மாஸ்டர் கூட்டிப்போவார். ஆண்டு, திகதி, ஆளுநரின் பெயர் எல்லாம் பிசகாது. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் நன்றாக உறங்குவார்கள். தமிழுக்கு அழகம்மா. எட்டாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவர். மீதியை மாநகர நூலகத்திலும், சேலை எடுக்க வந்த இரண்டு தலைமுறைப் பெண்களின் வாயிலிருந்தும் படித்துக்கொண்டார்.

அவருக்கு நகரமே ஒரு புடவை அடுக்கு. ஒவ்வொன்றாக உருவி நம் முன்னால் விரிப்பார். ஏரிக்கரையில், மேகம் மேகமாக வளைந்து போகும் அந்த வெள்ளைச் சுவர் சட்டென்று முடிகிற இடத்தில் நிறுத்தினார். "இங்க பாருங்க. பார்டர் பாதியில நிக்குது. ராஜா நெசவு முடிக்கிறதுக்கு முந்தி வெள்ளைக்காரன் புடிச்சு வேலூருக்கு அனுப்பிட்டான். எங்காளுங்க அங்கேயிருந்து இங்க வந்தாங்க, ராஜா இங்கேயிருந்து அங்க போனாரு. மாத்திக்கிட்டோம்." யட்டிநுவர வீதியின் பழைய மாடி வீடுகளை மஞ்சள் என்றோ சிவப்பு என்றோ சொல்லமாட்டார். மாம்பழக் கலர், வெங்காயச் சருகு, மயில் கழுத்து. கூட்டத்தில் யாராவது கைத்தொலைபேசியை நோண்டினால் திட்டுவதில்லை. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நிற்பவரிடம் மட்டும் இரகசியம் போல எதையோ சொல்லத் தொடங்குவார். தொலைபேசி தானாகவே பைக்குள் போய்விடும்.

காசு வாங்குவதில்லை. யாரோ ஒருவர் நோட்டை நீட்டியபோது, "சேலையை விரிச்சுக் காட்டுறதுக்குக் காசு கேட்டா நீங்க கடைக்கு வருவீங்களா?" என்று அவருடைய பைக்குள்ளேயே திருப்பிச் செருகிவிட்டார்.

ஒரு குறை உண்டு. யார் எதைக் கேட்டாலும், பதிலாக அழகம்மாவின் வாயில் 'இல்லை', 'தெரியாது' என்ற இரண்டு சொற்களும் வராது. மஹ்மூத் ஹாஜியார் கடையின் முதற்சட்டம் அது. வாடிக்கையாளர் கேட்டது இல்லையென்றால் அதற்குக் கிட்டியதை எடுத்துப் போட வேண்டும். "'இல்ல'ண்டு செல்லப்படாது புள்ள, பரக்கத் பொய்த்திரும்," அதாவது கடையின் இறையருள் போய்விடும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடையில் அது வியாபாரம். வீதியில் என்ன ஆகும்? ஒரு பழைய பல்கனியைக் காட்டி, அங்கே யார் இருந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். அழகம்மா அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு, அவருக்கு மூன்று பெண்கள், மூத்தவளை மாத்தளையில் கட்டிக் கொடுத்தது, இளையவள் அந்தக் கம்பிவழியாகக் கூந்தலை உலர்த்தியது, எல்லாம் வந்துவிட்டன. பிறகு நான் தனியாகக் கேட்டேன். "யாராவது இருந்துதானே இருப்பாங்க," என்றார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கதை என்றால் கொஞ்சம் காற்றடைத்தால்தான் பறக்கும் என்பது என் கட்சி.

ஆனால் போன மாசியில் ராஜலிங்கம் வந்தார்.

கோத்தகிரியிலிருந்து வந்தவர். நாற்பத்தேழு வயது, வாடகை வேன் ஓட்டுகிறார், புதுச் சப்பாத்து. கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, எட்டு மாதக் குழந்தையாக, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் தாய் தகப்பனோடு தலைமன்னார் ரயிலேறிப் போனவர். முதல் தடவையாகத் திரும்பி வந்திருக்கிறார். ஏரி, சுவர், ராஜா எதுவும் அவர் காதில் ஏறவில்லை. காசல் ஹில் வீதிப் பக்கம் திரும்பும்போது அழகம்மாவின் அருகே போனார்.

"அம்மா ஒரு இடத்தைச் சொல்லுவாங்க. பாஸ்போட்டை வாங்கிட்டு வர்றப்ப பெரிய மழையாம். ஒரு கடைப் படியில என்னைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். கடைக்காரம்மா தேத்தண்ணி குடுத்து, என்னையப் போத்திக்க ஒரு வெட்டுத் துணியும் குடுத்தாங்களாம். இந்த ஊரை நெனச்சா அம்மாவுக்கு அந்தப் படிதான். அது எங்கேங்க?"

ஐம்பது வருடம் ஆகப்போகிறது. கடைகள் இடிந்து, எரிந்து, மாடியாகி, வங்கியாகிவிட்டன. பிரமனைக் கேட்டாலும் கையை விரிப்பான். அழகம்மா விரிக்கவில்லை. "வாங்க," என்றார். ஒரு குறுக்குத் தெருவுக்குள் விறுவிறென்று போனார். பூட்டிக் கிடந்த பழைய கடை. வாசலுக்கு ஏற மூன்று கருங்கற்படிகள். "இதுதாங்க."

ராஜலிங்கம் சப்பாத்தைக் கழற்றினார். படியில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கல்லைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, கைத்தொலைபேசியில் தாயை அழைத்தார். திரையில் ஒரு கிழவியின் நெற்றியும் அரைக் கண்ணாடியும் தெரிந்தன. நல்லம்மா. தொலைபேசியைப் படியெங்கும் நகர்த்தி, அழகம்மாவையும் கண் கலங்கிய தன் முகத்தையும் காட்டினார் மகன். கிழவி வெகுநேரம் பார்த்தாள். "ஆமாய்யா. இதுதான்," என்றாள். மகன் விம்மி அழுதுவிட்டார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். நானும் மூக்கைத் துடைத்தேன். அழகம்மா மட்டும், நல்ல வியாபாரம் முடித்தவர் போலச் சிரித்த முகத்தோடு நின்றார். எழுந்து வந்த ராஜலிங்கம் சொன்னார்:

"வைகாசியில அம்மாவக் கூட்டிட்டு வரப்போறேங்க. டாக்டர் வேணாங்கிறாரு. நெஞ்சு வலி உள்ளவங்க. ஆனா ஒரு தடவை இந்தப் படியில உக்காரணும்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இப்பத்தான் இடம் தெரிஞ்சுபோச்சே."

அழகம்மாவின் சிரிப்பு, மின்சாரம் நின்றதுபோல நின்றது.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். வாங்குவதற்காக அல்ல, போனதற்கு ஒன்று வாங்கினேன். அழகம்மா ஒரு சேலையை மூன்றாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, ஒரு பொய் சொல்லிட்டேங்க."

"ஒண்டுதானோ?"

"மத்ததெல்லாம் கதைங்க. அந்த நொத்தாரிசு பொண்ணுக்கு என்னால என்ன நட்டம்? இது வேற. நெஞ்சு வலிக்காரி கடல் தாண்டி வந்து யாரோ வீட்டுப் படியில உக்காரப் போகுது. வழியில ஒண்ணு ஆச்சுன்னா?" சேலையின் கரை நேராக வரவில்லை. மறுபடி உதறினார். "அவரு இன்னைக்கு மூணு மணிக் கோச்சியில போறாரு. எப்படிச் சொல்லுவேன்? எனக்குச் சொல்லிப் பழக்கமில்லையே."

பழகுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கு ராஜலிங்கமே கடைக்குள் வந்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஒண்ணு எடுக்கணும். அந்தப் படியில உக்காரும்போது கட்டுறதுக்கு. நல்லதா போடுங்க."

அழகம்மாவின் கை, பழக்கத்தில், அடுக்குக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"இல்லைங்க," என்றார்.

கல்லாவில் இருந்த மஹ்மூத் ஹாஜியார் தலையைத் தூக்கினார். இருபத்தேழு வருடத்தில் அந்தக் குரலில் அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. "என்னத்த இல்ல? மேல ஸ்டாக் ஈக்கி, பாருங்க!"

"சேலை இருக்குங்க ஹாஜியார். அந்தப் படி இல்ல." அழகம்மா ராஜலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நான் காட்டுனது சும்மா ஒரு படி. உங்கம்மா உக்காந்த படி எதுன்னு எனக்குத் தெரியாது."

ராஜலிங்கம் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். அதை விரித்து, உள்ளே இருந்த புளியங்கொட்டையளவு கருங்கல் துணுக்கை மேசைமேல் வைத்தார். அந்தப் படியின் மூலையிலிருந்து பெயர்த்தது.

"ஏங்க, தெரியாதுன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நான் உங்கள அடிச்சா போட்டிருப்பேன்?"

ஹாஜியார் பணம் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ராஜலிங்கம் தொலைபேசியை எடுத்து, எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினார். "நான் சொல்லமாட்டேன். எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

மறுபடியும் நெற்றி, அரைக் கண்ணாடி. அழகம்மா இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான்தான் நேத்துப் படி காட்டுனவ. அது… அது இல்லைங்க அம்மா. தெரியாம காட்டிட்டேன். அதுக்காக நீங்க வந்துறாதீங்க."

"தெரியும், தாயி," என்றது தொலைபேசி.

அரைக் கண்ணாடி திரைக்கு இன்னும் கிட்ட வந்தது.

"நீ காட்டுனது ஏறுற படி. நான் உக்காந்தது இறங்குற படி. ரோட்டுல இருந்து ரெண்டு படி கீழ எறங்கித்தான் கடைக்குள்ள போகணும். மழைத் தண்ணி உள்ள வழியுமேன்னு அந்தக் கடைக்காரம்மா ஒரு சாக்கைச் சுருட்டிப் போட்டுச்சு. மறக்குமா?"

"அப்புறம் ஏங்க ஆமான்னீங்க?"

"என்ன செய்யச் சொல்ற? என் மகன் அழுதுக்கிட்டு நிக்கிறான். நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற. ரெண்டு பேரு முகத்துக்கு நேரா எப்படி இல்லேங்கிறது?"

அழகம்மா பக்கென்று சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ராஜலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்தியிருக்கீங்க," என்றார். கோபத்தில் பாதி இறங்கியிருந்தது. மறுபாதியைக் கிழவி இறக்கினாள்.

"டேய், அழுதது போதும். தாயி, உனக்குப் பின்னால தொங்குதே, அது என்ன, கத்தரிப்பூக் கலரா? கிட்டக் காட்டு. … விலை கூடவா? மகன்தானே குடுக்கிறான், போடு."

சேலை பொதியாகிக்கொண்டிருந்தபோது கிழவியின் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை விளையாட்டு இல்லை. "வைகாசிக்கு நான் வரத்தான் போறேன். டாக்டர் கெடக்கிறான். அதுக்குள்ள தேடி வைப்பியா?"

இப்படியொரு கேள்விக்கு இருபத்தேழு வருடமாக ஒரே பதில்தான்: அடுத்த கிழமை வந்துருங்க, வச்சிருப்பேன். அந்தப் பதில் அவர் நாக்கு நுனிவரை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதை அவர் விழுங்கினார்.

"தேடுறேங்க அம்மா. கிடைக்குமான்னு தெரியாது."

"அது போதும்," என்றாள் நல்லம்மா.

ராஜலிங்கம் மூன்று மணி ரயிலில் போனார். போகும்போது கல்லை எடுத்துச் செல்லவில்லை. ஹாஜியார் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, கடைசியில் அழகம்மாவை அனுப்பி இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னாராம். அடுத்தவன் வீட்டுச் சொத்தல்லவா.

அடுத்த ஞாயிறு நாங்கள் பதினொரு பேர். கால் பரிசோதனை நடந்தது. ராஜா வேலூருக்குப் போனார். மாம்பழக் கலரும் மயில் கழுத்தும் அந்தந்த இடத்தில் இருந்தன. யட்டிநுவர வீதி பல்கனியின் கீழே அழகம்மா ஒரு வினாடி தயங்கினார். நொத்தாரிசின் கடைசிப் பெண் அன்றைக்குக் கூந்தலை உலர்த்தவில்லை. "இங்க யாரு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறகு நாங்கள் வழக்கமாகப் போகாத ஒரு சந்துக்குள் திரும்பினார். பக்கத்துச் சந்துகளில் முந்தின மூன்று மாலைகளாகக் கடை விட்டதும் தனியாக அலைந்திருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. வீதி உயர்ந்து உயர்ந்து, தான் மட்டும் பள்ளத்தில் தங்கிவிட்ட ஒரு பழைய கடை. பலகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் குடியிருப்பதற்கு அடையாளமாக ஜன்னலில் ஒரு துவாய் காய்ந்தது. நடைபாதையிலிருந்து வாசலுக்கு இரண்டு படிகள் கீழே இறங்கின.

"இது என்ன இடம்?" என்று ரப்பர்ச் செருப்பு ஐயா கேட்டார்.

எப்போதும் எங்களைப் பார்த்தபடியே நிற்கும் அழகம்மா, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து இரண்டு படிகளும் இறங்கினார். கதவை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினார். பிறகு பலகையில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.