சிட்லபாக்கத்தில் ஒரு பியானோ கம்பி

என் தங்கை ஆஸ்திரேலியா போகும்போது தன் பியானோவை எங்கள் சிட்லபாக்கம் வீட்டு ஹாலில் நிறுத்திவிட்டுப் போனாள். அதை வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது என் மனைவி. அவளுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, வலது கையால் மட்டும் வாசிப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் பியானோவுக்குள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். கம்பி அறுந்துவிட்டது. சுருதி சேர்க்க வழக்கமாக வருகிறவர், ஊரில் இல்லை, திரும்ப நாளாகும் என்றார். மனைவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“நாமளே மாத்திடலாம். வீடியோ பார்த்துட்டேன்.”

“நமக்கு வருமா?”

“நீங்க டார்ச்சைப் பிடிங்க, போதும்.”

அறுந்த கம்பியின் தடிமனை அளந்து, அதே அளவில் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை வரவழைத்தாள். கட்டைப் பிரித்ததும் அது துள்ளி விரிந்து சோபாவுக்கு அடியில் ஓடியது. பிடித்து வந்தோம். சுத்தியல்கள் இருக்கும் பாகத்தை மெல்லக் கழற்றி வைத்தோம். அப்போதுதான் பார்த்தேன், ஒரே கம்பி கீழே ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பி மேலே வந்து, இரண்டு கம்பியாக வேலை பார்க்கிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் இரண்டும் போச்சு.

“நம்ம ரெண்டு பேர் மாதிரி,” என்றேன்.

“டார்ச்சை நேரா பிடிங்க.”

மேலே கம்பியை இறுக்கும் முறுக்காணியைத் தாண்டி மூன்று விரல் அகலத்துக்குக் கம்பியை விட்டு வெட்டினாள். ஒவ்வொரு நுனியையும் அதனதன் முறுக்காணியின் துளையில் நுழைத்து மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுகள் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அமர வேண்டும். அவளுடையது ஏறிக்கொண்டது.

“பரவாயில்ல, இது ஓகேதான்,” என்றாள். ஆபீஸில் அடுத்தவர் வேலையில் ஒரு புள்ளி தவறினாலும் விடாதவள்.

“உங்க டீம்ல யாராவது இப்படிக் கொண்டு வந்தா விடுவியா?”

முறைத்துவிட்டு, பிரித்து மறுபடியும் சுற்றினாள். முறுக்காணியைத் திருப்பும் சாவியால் இறுக்க இறுக்க ஒலி மெல்ல ஏறி, அதே ஸ்வரத்துக்கு மிச்சமிருந்த பக்கத்துக் கம்பியோடு ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் அது இறங்கிக் கிடந்தது. புதுக் கம்பி நீண்டு நீண்டுதான் நிலைக்கும். அதைச் சொல்லும் வீடியோவை அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஆபீஸ் பஸ் பிடிக்கும் முன் தினமும் அந்த ஒரே கட்டையைத் தட்டித் தட்டி, ஆணியை மயிரிழை திருப்புவாள்.

கீழ்வீட்டில் பேங்க்கில் ரிட்டயர் ஆன சார் ஒருவர். ஒருநாள் வாசல் கேட் அருகே என்னை நிறுத்தினார்.

“தப்பா நினைக்காதீங்க சார். தினமும் ஒரே ஸ்வரம் கேக்குது. அடுத்தது எப்ப வரும்?”

“புதுக் கம்பி சார். செட் ஆக நாளாகுமாம்.”

“நாங்க செட் ஆயிட்டோம். அதைச் சொல்லலாம்னுதான்.”

மழை ஓய்ந்த பிறகு ஒரு காலை, ஒரே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் தொடாமலே எழுந்தாள். கம்பி சுருதியில் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் கீழ்வீட்டு சார் மேலே வந்து நின்றார்.

“இன்னைக்கு ஒரே தட்டோட சத்தம் நின்னுடுச்சே, மேடத்துக்கு உடம்பு எதுவும்...?”

மனைவி அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, ஒரு பாட்டை முழுசாக வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கம்பி ரொம்ப நல்லா இருக்கும்மா,” என்றார்.

அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.